மூணு கருவி, ஒரு கையெழுத்து

உங்கள்ல பல பேர் அடுத்த வருஷம் ஏதோ ஒரு கம்பெனியில ட்ரெய்னியா சேர்ந்து, வெண்டார் செஞ்சு அனுப்புற பாகத்தோட இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடப் போறீங்க. அதுக்கு முன்னாடி ஹப்பிள் தொலைநோக்கியோட கண்ணாடிக் கதையை ஒருமுறை கேட்டுடுங்க.

ஹப்பிள் நாசாவுடையதுதான். ஆனா அதோட 2.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடியைத் தேய்ச்சு மெருகேத்தினது, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துல டான்பரியில இருந்த பெர்கின்-எல்மர் என்ற ஒப்பந்த நிறுவனம். வளைவு சரியா இருக்கான்னு பார்க்க ‘நல் கரெக்டர்’ என்ற ஒளியியல் கருவி வச்சிருந்தாங்க. அந்தக் கருவி எதைச் சரின்னு சொல்லுதோ, கண்ணாடி அந்த வடிவத்துக்குத்தான் வரும்.

தப்பு அந்தக் கருவிக்குள்ளேயே இருந்தது. உள்ளே லென்ஸ் இருக்க வேண்டிய தூரத்தை, ஒரு அளவுத் தண்டோட முனையில லேசரைப் பட வச்சு அளந்தாங்க. தண்டோட முனையில ஒரு மூடி. மூடி மேல பூசின பெயின்ட் கொஞ்சம் உரிஞ்சு போயிருக்க, லேசர் தண்டுல படாம அந்த இடத்துல பட்டுத் திரும்பிடுச்சு. லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தது. அந்த (தப்பான) இடத்துக்கு லென்ஸ் எட்டாதப்போ, வாஷர் கொடுத்து எட்ட வச்சாங்க. “டிசைன்படி எட்ட வேண்டியது ஏன் எட்டல?” என்ற கேள்வி அங்கேயே வந்திருக்கணும்.

விளைவு: கண்ணாடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் கூடுதல் தட்டை. தலைமுடித் தடிமன்ல ஐம்பதுல ஒரு பங்கு!

இதைவிட வலிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. வேற ரெண்டு சோதனைக் கருவிகள் ஏதோ சரியில்லைன்னு அப்பவே காட்டின. “அதெல்லாம் துல்லியம் குறைஞ்சது”ன்னு ஒதுக்கிட்டாங்க. முழுத் தொலைநோக்கியையும் சேர்த்து வச்சு தரையில ஒரு சோதனையும் நடக்கல. 1990 ஏப்ரல்ல ஹப்பிள் மேலே போச்சு. படம் மங்கலா வந்துச்சு. லூ ஆலன் தலைமையிலான விசாரணைக் குழு அதே வருஷம் நவம்பர்ல அறிக்கை கொடுத்தது. நிறுவனத்துலயும் சரி, நாசா பக்கமும் சரி, தரத்தைக் கண்காணிச்சவங்க ஒளியியல் நிபுணர்கள் இல்லை. சோதனை முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு முரண்படுதுன்னு அவங்களால கண்டுபிடிக்க முடியலன்னு அது சொல்லுது.

அந்த நல் கரெக்டரை டான்பரியில கலைக்காம அப்படியே வச்சிருந்தாங்க. அதை மறுபடி அளந்துதான் தப்பு எவ்வளவுன்னு உறுதியாச்சு. 1993 டிசம்பர்ல விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தக் கருவிகளைப் பொருத்தினாங்க.

ஜேம்ஸ் வெப்புக்கு அந்த வசதி இல்லை. அது இருக்கிறது சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்துல. அதனாலதான் 2017-ல ஹூஸ்டன்ல, கண்ணாடிகளையும் கருவிகளையும் ஒண்ணா சேர்த்து, வெற்றிடக் கூண்டுல உறையவச்சு சோதிச்சாங்க. 2018-ல நார்த்ராப் க்ரம்மன் ஆலையில ஒரு சோதனைக்கு அப்புறம் சன்ஷீல்ட் மூடியோட ஸ்க்ரூவும் வாஷரும் கழன்று விழுந்தது. அசிங்கம்தான், தாமதம்தான். ஆனா விழுந்தது தரையில.

அதனால மக்களே, ரெண்டு அளவு ஒத்துப்போகலன்னா, எது காஸ்ட்லியான கருவின்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஏன் ஒத்துப்போகலன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பேனா மூடியைத் திறக்க வேண்டாம்.