ஆல்கொண்டமாலுக்கு ஒரு மண் கன்னுக்குட்டி

சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவில்ல வைக்க ஒரு கன்னுக்குட்டி உருவாரம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க அம்மா.
உடுமலையில இருந்து கிளம்பிப் போனேன்.

களிமண்ணு. சூளையில வெந்து செவந்திருக்கு.
வயித்துக்கு அடியில, செஞ்சவங்க கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சு கிடக்கு.
அதுமேல என் விரலை வச்சுப் பார்த்தேன்.
கண்ணு கலங்கிருச்சு.

மாடு கன்னுக்கு நோவு நொடி வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு, மாட்டுப் பொங்கல் சமயத்துல நம்ம சனம் வைக்கிற பொம்மை.
காளை, பசு, கன்னுன்னு கோவில் முன்னால நிக்கிறதைப் பார்த்தா ஒரு பட்டியே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கும்.

"பசங்க திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க கண்ணு. மண்ணு மிதிக்க நான் ஒருத்திதான்"னாங்க உருவாரம் செய்யற அம்மாயி.

ஒண்ணு வாங்கப் போய் நாலு வாங்கிட்டு வந்தேன்.

உங்க ஊட்டுல இன்னும் உருவாரம் வைக்கறீங்களா?
யாருகிட்ட வாங்கறீங்க?