எல்லையை மீறியவர் யார்?

2022ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் எனக்கு வந்த கடன் அட்டைக் கணக்குக்கூற்றை இன்றும் வைத்திருக்கிறேன். எல்லையை மீறியமைக்கான கட்டணம் 1,500 ரூபா என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த மாதத்தில் அட்டையைக் கொண்டு ஒரு சதத்துக்கேனும் நான் பொருள் வாங்கவில்லை. அட்டை என் மேசை இலாச்சியிலேயே கிடந்தது. கிடந்த இடத்திற் கிடந்தவாறே அது எல்லையைத் தாண்டிவிட்டது.

கணிதம் எனக்கு வராது. எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியரிடம் கடதாசியை நீட்டினேன். அவர் பிரித்துக் காட்டினார். அட்டையின் எல்லை ஒரு இலட்சம் ரூபா. நிலுவை 96,800. ஆண்டுக்கு நூற்றுக்கு 36 வீதமாக ஒரு மாத வட்டி 2,904. பிந்திக் கட்டியமைக்கு 1,500. இப்போது தொகை 1,01,204. எல்லை தாண்டியாயிற்று, ஆதலால் மேலும் 1,500. ஆக, 1,02,704. வட்டியும் தண்டமும் கூடி என்னை எல்லைக்கு வெளியே தள்ளின. தள்ளப்பட்டதற்கும் நானே தண்டம் செலுத்தவேண்டும்.

பிந்திக் கட்டியது உண்மைதான். அந்த யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவர்க்கும் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்திருந்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார். ஊரிலிருந்து நகரத்துக் கிளைக்குப் போய்க் காசு கட்ட எனக்கு வழியிருக்கவில்லை. மூன்று நாள் பிந்தியது.

இந்த 36 வீதம் எங்கிருந்து வந்தது? 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி கடன் அட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்ச வரம்பு விதித்திருந்தது. வட்டிக்கும் ஓர் எல்லை இருந்ததென்பது இதன் பொருள். 2022 ஏப்பிரலில் கொள்கை வட்டி வீதங்கள் ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டன. அவ்வேளையிலேயே அந்த உச்ச வரம்பும் நீக்கப்பட்டது. சில மாதங்களில் என் அட்டையின் வட்டி இரு மடங்காயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. நாணயத்தைக் காப்பாற்ற வட்டியை உயர்த்தியே ஆகவேண்டும் என்று பொருளியலார் சொல்வர். இருக்கலாம். ஆனால் வட்டியின் எல்லை அழிக்கப்பட்டபோது அதனை எவரும் மீறல் என்று அழைக்கவில்லை.

ஆகஸ்டில் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை அரசாங்க வைத்தியசாலையில் இல்லையென்று வெளியே எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் 2,150 ரூபா. சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள். அட்டையை நீட்டினேன். கடைப் பெண் இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, "சேர், காட் எடுக்குதில்லை" என்றாள். எனக்குப் பின்னால் நின்றவர்களில் என் மாணவன் ஒருவனின் தாயும் இருந்தார். அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றது, பார்த்திருந்தாலும் இவ்வளவு சுட்டிராது. வட்டிக்கும் தண்டத்துக்கும் திறந்துவிட்ட அதே எல்லை, மாத்திரைக்கு மூடிக்கொண்டது.

எல்லை என்பது கடன் கொடுப்போனின் அச்சத்தை அளக்கும் கோலேயன்றி வேறன்று. 1958இல் அமெரிக்காவின் பிரெஸ்னோ நகரில் ஒரு வங்கி, கேளாமலே 60,000 பேருக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பியபோதே எல்லையும் உடன் பிறந்துவிட்டது. குறித்த தொகைக்கு மேற்பட்டால் கடைக்காரர் வங்கிக்குத் தொலைபேசியில் அனுமதி கேட்கவேண்டும். இன்று அந்தக் கேள்வியும் விடையும் கண்ணிமைப்பொழுதில் முடிகின்றன. ஆகவே எல்லைக்கு மேல் ஒரு தொகை ஏறுகிறதென்றால், ஏற்றுவதென்று வங்கி முன்பே தீர்மானித்திருக்கிறது. அமெரிக்காவில் எல்லை தாண்டிய கொள்வனவுகளை அனுமதித்துவிட்டுப் பின்னர் கட்டணம் அறவிடுவது நெடுங்கால வழக்கம். 2009இல் வந்த சட்டத்தின் பின்னரே அட்டைக்காரரின் முன் சம்மதமின்றி அக்கட்டணம் கூடாதென்றாயிற்று. வட்டியாலும் கட்டணங்களாலும் மட்டுமே எல்லை தாண்டப்பட்டாற் சம்மதமிருந்தும் அறவிடக்கூடாது. இந்திய ரிசர்வ் வங்கியும் 2022இல் வெளிப்படையான சம்மதத்தை வற்புறுத்தியது. என் சம்மதமோ, நான் கையொப்பமிட்ட விண்ணப்பத்தின் பின்புறத்தில், எறும்பூர்ந்தாற் போன்ற ஆங்கில எழுத்தில் இருந்ததாம்.

அப்பாவுக்கு ஊர்க்கடையில் கொப்பி இருந்தது. தொகை ஏறிவிட்டால் கடைக்காரர் அவரை ஓரமாக அழைத்து, "அண்ணை, கொப்பி கனத்துப்போச்சு, வெங்காயம் கிண்டினாப்போலை ஒருக்காப் பாருங்கோ" என்பார். அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. கொப்பிக்கு வாங்குவோருக்கு விலையிற் சிறிது கூட்டியே எழுதினாரென்று அம்மா சொல்வார். எனினும் அப்பா வாங்காத அரிசியை அவர் எழுதியதில்லை.

கிளைக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவன் என் பழைய மாணவன். எழுந்து நின்றான்.

"சேர், நீங்கள் லிமிட்டைத் தாண்டிப்போட்டியள்."

"நான் ஒண்டும் வாங்கேல்லையே தம்பி. ஆர் தாண்டினது?"

"அது சிஸ்டம் போடுறது, சேர்." சிறிது தயங்கினான். "ஒண்டு செய்யலாம். லிமிட்டை ஒண்டரை லட்சமாக் கூட்டி விடுறன். பிறகு மீறல் வராது." பின் குரலைத் தாழ்த்தி, கட்டாமல் விட்டால் கொடுகடன் தகவல் பணியகத்தில் பெயர் பதிவாகும், நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கவும் அது தடையாகும் என்றான். அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனை அட்டை கொடுத்தான், எத்தனை எல்லை கூட்டினான் என்று அவனிடமும் மாதந்தோறும் யாரோ கணக்குக் கேட்கிறார்கள்.

வெட்கத்தை விட்டு ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொன்னேன். முதலில் ஒருவரும் பேசவில்லை. பின்பு சங்கீத ஆசிரியை தம் கைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். அவ்வாரம் முடியுமுன் கணித ஆசிரியரின் மேசையில் ஐந்து கணக்குக்கூற்றுகள் கிடந்தன, ஐந்தாவது அவருடையது.

அரசாங்க ஊழியருக்கான இடர் கடனை எடுத்து அட்டைக் கடனை அடைத்தேன். ஒரு கடனிலிருந்து வட்டி குறைந்த இன்னொரு கடனுக்குக் குடிபெயர்ந்தேன், அவ்வளவே. பின்னர் மீண்டும் கிளைக்குச் சென்று, எல்லையை இருபதினாயிரமாகக் குறைத்துத் தரும்படி கேட்டேன். மாணவன் இலாச்சிகளைத் தேடினான். கூட்டுவதற்கு அச்சிட்ட படிவம் ஒரு கட்டு இருந்தது. குறைப்பதற்கு ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை என் முன் வைத்து, "ஒரு கடிதமா எழுதித் தாங்கோ சேர். இங்கிலிஷிலை" என்றான்.

நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.