அரசனின் நிழலில் ஓர் ஊர்

ஸ்பெயின் என்றதும் குர்துபாவும் கிரனாடாவும் நம் நெஞ்சில் எழுகின்றன. சிசிலி என்றதும் பலெர்மோவின் தோட்டங்களையும் இப்னு ஜுபைரின் பயண நூலையும் நினைவுகூர்வோர் நம்மிடையே உண்டு. ஆனால், இத்தாலியின் தரைப்பகுதியில், போப்பாண்டவரின் நாட்டுக்கு அண்மையிலேயே, பெரும்பாலும் முஸ்லிம்களே வாழ்ந்த நகரம் ஒன்று முக்கால் நூற்றாண்டுக் காலம் இருந்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அந்நகரின் பெயர் லூச்சேரா. நம் வரலாற்றாசிரியர் இப்னு வாஸில் அதனை லூஜாரா என்று எழுதி வைத்திருக்கிறார்.

பாரி நகரில் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியபோது, அந்த ஊரைக் கண்டு வர வேண்டும் என்னும் அவா எழுந்தது. துணைக்கு வந்தவர் இத்தாலிய நண்பர் ஒருவர். பள்ளியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஃபோஜா நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். சூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலைத் தொடர்வண்டியில் சென்று ஃபோஜாவில் இறங்கினேன். தம் சிறிய காருடன் அவர் எனக்காகக் காத்திருந்தார். ஃபோஜா, லூச்சேரா, திரோயா ஆகிய மூன்று ஊர்களையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவது எங்கள் திட்டம்.

ஃபோஜாவில் பழமை என்று காண்பதற்கு மிகுதியாக இல்லை. 1731ஆம் ஆண்டு நிலநடுக்கம் ஒரு பகுதியைக் கொண்டு போயிற்று. 1943ஆம் ஆண்டின் விமானக் குண்டுகள் பெரும்பகுதியைக் கொண்டு போயின. ஆயினும், நண்பர் என்னை முதலில் அழைத்துச் சென்றது ஒரு கல் வளைவின் முன். இரண்டு கழுகுகள் தாங்கி நிற்கும் அந்த வளைவு, பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1223ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய அரண்மனையில் எஞ்சி நிற்பது. வாயில் மட்டும் இருக்கிறது; வீடு இல்லை.

"எங்கள் பிள்ளைகளுக்கு இவரை உலகத்தின் வியப்பு என்று கற்பிக்கிறோம். உங்கள் நூல்களில் இவர் எப்படி இருக்கிறார்?" என்று நண்பர் வினவினார்.

எங்கள் நூல்களிலும் நல்லவராகவே இருக்கிறார் என்றேன். சிலுவைப் போருக்கென்று புறப்பட்டு வந்தவர், வாளை உறையிலிருந்து எடுக்காமல் சுல்தான் அல்காமிலோடு 1229இல் உடன்படிக்கை செய்துகொண்டு ஜெருசலத்தைப் பெற்ற வரலாற்றைச் சொன்னேன். அப்போது அவருக்கு மரியாதை செய்வதாக எண்ணி, நாபுலுஸ் நகரத்துக் காதி அன்றிரவு பாங்கு சொல்ல வேண்டாம் என்று மோதினாரைத் தடுத்து விட்டாராம். காலையில் பேரரசர் காதியை அழைத்து, இங்கே இரவைக் கழித்ததே அந்த ஒலியைக் கேட்கத்தானே என்று குறைப்பட்டுக் கொண்டாராம். இதனை எழுதியவரும் இப்னு வாஸில்தான்.

நண்பர் புன்னகைத்தார். "அழகிய கதை. இனி லூச்சேராவுக்குப் போவோம். பாங்கை விரும்பிய அதே மனிதர் செய்த மற்றொன்றை அங்கே காணலாம்" என்றார்.

ஃபோஜாவிலிருந்து லூச்சேராவுக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். வழி நெடுகிலும் இருமருங்கும் கோதுமை. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பொன்னிறமாகக் கதிர்கள் சாய்ந்து கிடந்தன. அந்தச் சமவெளியின் நடுவே மேடான ஓரிடத்தில் ஊரும், ஊருக்கு மேற்கே குன்றின் விளிம்பில் கோட்டையும் தெரியத் தொடங்கின. இந்த வயல்களை ஒரு காலத்தில் உழுதவர்கள் அரபு பேசினார்கள் என்று எண்ணியபோது, அந்த நிலம் எனக்கு அயல் நிலமாகத் தோன்றவில்லை.

அவர்கள் இங்கே விரும்பி வந்தவர்கள் அல்லர். சிசிலியில் முஸ்லிம்களின் ஆட்சி மறைந்து நார்மானியர் ஆட்சி ஏற்பட்ட பின், நிலங்களை இழந்தவர்கள் தீவின் மேற்குப் பகுதி மலைகளில் ஒதுங்கினர். முஹம்மது இப்னு அப்பாத் என்பவரின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். பிரெடரிக் அக்கிளர்ச்சியை அடக்கினார். பின்னர், அம்மக்களை மலைகளிலிருந்து பெயர்த்தெடுத்து, கடல் கடந்து, இச்சமவெளிக்குக் கொண்டு வந்து குடியமர்த்தினார். 1220களில் தொடங்கிய இந்தக் குடிபெயர்ப்பு 1240கள் வரை அலை அலையாக நடந்தது. லூச்சேராவில் வாழ்ந்த முஸ்லிம்கள் 15,000 முதல் 20,000 பேர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அரசரின் கணக்கு நுட்பமானது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அவர்களுக்கு உதவி வர இயலாது. சுற்றிலும் கிறித்தவ ஊர்கள். தம்மைத் தவிர அவர்களுக்கு வேறு புகலிடமே இல்லாதபடி செய்து விட்டார். அதன் பிறகு அவர்களைப் போல உண்மையான குடிகள் அவருக்கு வேறு எவரும் இல்லை. போப்பாண்டவரின் விலக்காணைக்கு அஞ்சாத படைவீரர்கள் அவர்களன்றோ! அவருடைய படையின் வில்லாளிகளாக அவர்கள் இத்தாலி முழுவதும் சென்று போரிட்டனர். ஊரில் இருந்தோர் கோதுமை விளைத்தனர். விற்களும் சேணங்களும் கூடாரங்களும் செய்தனர். தொழுகைக்கும் தங்கள் வழக்குகளைத் தங்கள் காதியிடம் கொண்டு செல்வதற்கும் தடை இருக்கவில்லை.

1250ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெடரிக் மறைந்தார். அவர் மைந்தர் மான்பிரெட் பகைவரிடமிருந்து தப்பி ஓடி வந்தபோது, 1254ஆம் ஆண்டில் அவருக்கு வாயில் திறந்து அடைக்கலம் தந்தது லூச்சேராவே. அந்த மான்பிரெட்டிடம்தான் 1261ஆம் ஆண்டில் எகிப்தின் சுல்தான் பைபர்ஸ் அனுப்பிய தூதராக இப்னு வாஸில் வந்தார். ஹமாத் நகரில் பிறந்த அந்தப் பேரறிஞர், அரசருக்காகத் தர்க்க நூல் ஒன்றையும் இயற்றினார். அரசரின் பாசறையில் பாங்கு சொல்லப்படுவதையும், லூஜாராவில் ஜும்ஆ நடைபெறுவதையும், அங்கே அறிவியல் கலைகளுக்கென்று ஓர் இல்லம் எழுப்பப்படுவதையும் அவர் வியப்போடு பதிவு செய்தார். அந்தக் குறிப்பை நான் முதன்முதல் படித்தபோது அடைந்த மகிழ்ச்சி சொல்லி மாளாது.

கோட்டைக்குள் நுழைந்தோம். ஏறத்தாழ 900 மீட்டர் சுற்றளவுள்ள மதில். இருபதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள். ஆனால் உள்ளே பரந்த புல்வெளியும் சிதைந்த அடித்தளங்களுமே உள்ளன. ஒரு மூலையில் பிரெடரிக் கட்டிய மாளிகையின் சரிந்த அடிச்சுவர் கிடக்கிறது. அதன் கற்களை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊரார் வேறு கட்டடத்திற்காகப் பெயர்த்துக் கொண்டு போய்விட்டனர். இந்தப் பெரு மதிலோ பிரெடரிக் கட்டியதன்று. அவர் மரபை அழித்து அரியணை ஏறிய ஆஞ்சூ மரபின் முதலாம் சார்லஸ் 1269 முதல் 1283 வரை கட்டியது. யாரை உள்ளே வைத்துக் காக்க அன்று. வெளியே வாழ்ந்த முஸ்லிம்களைக் கண்காணிக்க!

லுஹர் நேரம் ஆயிற்று. நண்பரிடம் சொன்னேன். அவர் சற்று விலகி ஒரு கல்லின் மேல் அமர்ந்துகொண்டார். புட்டியில் இருந்த தண்ணீரில் உளூச் செய்து, சமவெளி விரிந்து கிடந்த தென்கிழக்குத் திசையை நோக்கி, பயணிக்குரிய சுருக்கத் தொழுகையைத் தொழுதேன். காற்றும் குருவிகளும் தவிர வேறு ஓசை இல்லை. ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது நண்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

சிறிது நேரம் சென்று அவர் கேட்டார்: "அந்த மக்களின் சட்ட நிலை என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்கள் குடிமக்கள் அல்லர். அரச கருவூலத்தின் அடிமைகள் என்பதே அவர்களுக்குச் சட்டம் தந்த பெயர். யூதர்களுக்கும் அதே பெயர்தான். அரசர் தம் உடைமையைக் காப்பது போல அவர்களைக் காத்தார்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் செலுத்திய தலைவரிக்கு இலத்தீன் ஆவணங்களில் 'ஜிசியா' என்று பெயர் இருப்பது என் நினைவுக்கு வந்தது. ஜிஸ்யா என்னும் நம் சொல்லே அது. முஸ்லிம் அரசுகள் பிற சமயத்தாரிடம் பெற்ற வரி, அதே பெயரோடு முஸ்லிம்களின் தலைமேல் வந்து அமர்ந்திருந்தது. காக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை அந்தப் பக்கத்திலிருந்து நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

1266ஆம் ஆண்டு பெனவெந்தோப் போரில் மான்பிரெட் மாண்டார். 1268இல் லூச்சேரா புதிய அரசரை எதிர்த்து எழுந்தது. பசியால் வாடி 1269 ஆகஸ்டில் பணிந்தது. சார்லஸ் அவர்களை அழிக்கவில்லை. அவர்களுடைய வரியும் வில்லும் அவருக்குத் தேவைப்பட்டன. அவருக்குப் பின் வந்த இரண்டாம் சார்லஸுக்குத் தேவைப்பட்டது வேறு. சிசிலியை மீட்க நடத்திய நீண்ட போர் கருவூலத்தை வறளச் செய்திருந்தது. 1300ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பார்லெத்தா ஊரினரான ஜொவான்னி பிப்பீனோ என்னும் அதிகாரி அரசர் ஆணையோடு லூச்சேராவுக்குள் புகுந்தார். ஊர் கலைக்கப்பட்டது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். வீடுகளும் கால்நடைகளும் களஞ்சியத்துத் தானியமும் அரசருடையவாயின. சமயத்தின் பெயரால் செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட அச்செயலின் வரவு செலவு, ஆவணங்களில் வரிவரியாக இருக்கிறது. இப்னு வாஸில் 1298இல் கண்மூடினார். தாம் வியந்து எழுதிய ஊரின் முடிவை அவர் காணவில்லை.

கோட்டையை விட்டு ஊருக்குள் வந்தோம். நடுவே உயர்ந்து நிற்கும் பேராலயம், 1300க்குப் பின் ஆஞ்சூ அரசரால் எழுப்பப்பட்டது. பெரிய பள்ளிவாசல் இருந்த இடம் அதுவே என்று மரபு கூறுகிறது. உள்ளே பச்சைப் பளிங்குத் தூண்கள் குளிர்ந்து நிற்கின்றன. ஊருக்குப் 'புனித மரியாவின் நகரம்' என்று புதுப்பெயரும் இட்டனர், அது நிலைக்கவில்லை. முதிய பெண்மணி ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு இன்முகம் காட்டினார். அவர்மீது எனக்கு எந்த மனக்குறையும் எழவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த கணக்கை அவரிடம் கேட்பது நீதியன்று.

பிற்பகலில் தெற்கே திரோயாவுக்குச் சென்றோம். அங்கே 1093ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்ற பேராலயத்தின் முகப்பில் ஒரு வட்டப் பலகணி இருக்கிறது. பதினொரு சிறு தூண்கள் அதனைப் பகுக்கின்றன; பகுதிதோறும் கல்லில் துளையிட்ட சல்லடை வேலைப்பாடு; ஒன்றைப் போல் ஒன்று இல்லை. முஸ்லிம் நாடுகளின் பள்ளிகளில் காணும் அதே கலை. மாலை வெயில் அதன் மேல் விழுந்தபோது கல் நூலாக நெய்யப்பட்டது போலிருந்தது. ஆணையால் பெயர்த்து வரப்பட்டதன்று அது. கடல் வழியாகவும் அங்காடி வழியாகவும் கைவினைஞர்களின் கண் வழியாகவும் வந்து சேர்ந்த அழகு. ஊரார் அதனைத் தங்களுடையதாகவே கொண்டு விட்டனர்.

உள்ளே 1169ஆம் ஆண்டுப் பிரசங்க மேடையில் ஒரு சிற்பம். ஆட்டைச் சிங்கம் பற்றியிருக்கிறது. சிங்கத்தின் முதுகை நாய் கடிக்கிறது. நண்பர் ஆட்டைச் சுட்டிக்காட்டி, "யார் வென்றாலும் அடியில் கிடப்பது இதுதான்" என்றார்.

வெளியே வந்து தேநீர் அருந்தினோம். மேற்கே நீல நிறமாகத் தெரிந்த மலைகளைக் காட்டி அவர் சொன்ன செய்தி அன்றைய பயணத்திற்கே விளக்கவுரையாக அமைந்தது. அந்த மலைகளில் ஃபயேத்தோ, செல்லே என்று இரண்டு சிற்றூர்கள் உள்ளன. ஆஞ்சூ அரசர் காலத்தில் அயல் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தோர் அவர்கள் என்பது மரபு. இத்தாலிய மொழிக் கடலின் நடுவே தங்கள் பிராங்கோ-புரொவான்சால் மொழியை அவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டம் அம்மொழிக்குப் பாதுகாப்பும் அளித்திருக்கிறது. லூச்சேராவின் அரபு மொழியோ ஒரே கோடையில் அணைந்தது.

இரு கூட்டத்தாரும் அயலார். இரு கூட்டத்தாரும் சிறுபான்மையினர். ஒருவர் அரசனின் சமயத்தைச் சேர்ந்தவர், மற்றவர் சேராதவர் என்பது ஒரு வேறுபாடு. அதற்கும் ஆழத்தில் மற்றொன்று உண்டு. மலையூரார் மண்ணின் மக்களாக எண்ணப்பட்டார்கள். லூச்சேராவார் அரசனின் பொருளாக எண்ணப்பட்டார்கள். பொருளை அன்போடு வைத்திருக்கும் அரசனும் வரலாம். விலை பேசும் அரசனும் வரலாம். பிரெடரிக்கின் நற்குணத்தைப் புகழ்ந்து எழுதும் நம் ஏடுகள் இதனைக் கூறாமல் விடுவது முழு வரலாறு ஆகாது. பாங்கொலியை நேசித்த அவரே அம்மக்களின் பெயரை உடைமைப் பட்டியலில் எழுதினார். இரண்டாம் சார்லஸ் செய்தது அந்தப் பட்டியலை எடுத்து விற்றது மட்டுமே.

இதில் லூச்சேரா மக்களைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை. எனினும், எந்த நாட்டிலும் சிறுபான்மையாக வாழும் மக்கள் அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. ஆள்பவரின் கனிவு இனியது. ஆனால் அது அவர் மூச்சோடு போய்விடும். எழுதப்பட்ட உரிமையும், அதைத் தன் உரிமை போல் எண்ணிக் காக்க முன்வரும் அண்டை வீட்டாரும் உள்ள இடத்தில்தான் பாங்கொலி மறுநாளும் கேட்கும். அவ்வில்லாளிகளுக்கும் உழவர்களுக்கும், சந்தையில் பெயர் தெரியாமல் விற்கப்பட்ட அவர்கள் குழந்தைகளுக்கும் அல்லாஹ் அருள் பாலிப்பானாக.