6666 என்று நாம் சொன்ன பதில்

இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது நமது கைபேசியில் நான்கு கேள்விகள் காத்திருக்கும். பள்ளிப் பருவத்து நண்பர்கள் ஐவர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பொழுது போகாமல் தொடங்கிய வழக்கம், ஊரடங்கு போன பின்னும் போகவில்லை. ஆளுக்கொரு பொது அறிவுக் கேள்வி. கூகுளில் தேடக் கூடாது. சுபுஹுக்கு முன் பதில் சொல்ல வேண்டும். நாமும் ஷார்ஜாவில் பணிபுரியும் நண்பரும் முஸ்லிம்கள்; மற்ற மூவரும் பிறமதச் சகோதரர்கள். அவர்களுள் ஒருவர் திருவெள்ளறையில் குடியிருந்துகொண்டு மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார்.

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவருக்கு இது தேவைதானா என்று பள்ளிவாசலில் பெரியவர் ஒருவர் கடிந்துகொண்டார். வீண் பேச்சில் இரவு கழிவதைப் பற்றிய அவருடைய கவலை நியாயமானதே. ஆயினும் கேள்வி கேட்டு அறிவைச் சோதிப்பது நமது மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் ஒருமுறை விடுகதை போலவே ஒன்றைக் கேட்டார்கள்: இலை உதிராத மரம் ஒன்று இருக்கிறது, அது முஸ்லிமுக்கு உவமை, அது எந்த மரம்? தோழர்களின் எண்ணம் பாலைநிலத்து மரங்களையெல்லாம் சுற்றி வந்தது. அங்கிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று மனத்தில் பட்டது. ஆனால் சபையில் அவர்தாம் இளையவர். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியவர்களே மௌனமாக இருக்கையில் தாம் எப்படி வாய் திறப்பது என்று வெட்கப்பட்டு இருந்துவிட்டார். பின்னர் இதைத் தந்தையிடம் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். இமாம் புகாரீ இதைக் கல்வி பற்றிய பகுதியில் பதிவு செய்திருக்கிறார். அதில் ஒரு பாடத்தின் தலைப்பே, தோழர்களின் அறிவைச் சோதிக்க இமாம் கேள்வி கேட்பது குறித்ததுதான்.

பெரியவரிடம் இதைச் சொல்லி ஒப்புதலும் பெற்றோம். இந்த ஹதீஸ் நமக்கு எதிராகவே திரும்பும் என்று அப்போது நாம் நினைக்கவில்லை.

திருவெள்ளறை நண்பரின் கேள்விகள் பெரும்பாலும் அவர் ஊரைப் பற்றியவை. ஒரு நாள், திருச்சி மாவட்டத்தில் ஸ்வஸ்திக வடிவில் கிணறு இருக்கும் ஊர் எது, அதன் பழைய பெயர் என்ன என்று கேட்டார். நம்பர் ஒன் டோல்கேட்டில் திரும்பி, மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர்ச் சாலையில் எத்தனையோ முறை அவ்வூரைக் கடந்திருக்கிறோம். ஒருமுறையும் இறங்கிப் பார்த்ததில்லை. நால்வரும் தோற்றோம். ஷார்ஜா நண்பர் மட்டும் ஏதோ ஒரு பெயரைத் துணிந்து சொல்லி ஏச்சு வாங்கினார். விடை, மார்ப்பிடுகு பெருங்கிணறு.

அடுத்த ஞாயிறன்று நேரிலேயே அழைத்துப் போனார். வெண்பாறைக் குன்றின் மேல் அமைந்த பெருமாள் கோயிலால்தான் ஊர் பெயர் பெற்றது. வைணவர்களின் 108 திவ்ய தேசங்களுள் அது ஒன்று. கிணறு கோயிலுக்கு வெளியே இருக்கிறது. நான்கு திசைகளிலிருந்தும் படிகள் இறங்கி, பாதியில் ஒரு பக்கமாக மடங்கி நீரை அடைகின்றன. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக உருவம். ஊரார் நாலுமூலைக் கேணி என்கிறார்கள். ஒரு துறையில் குளிப்பவரை மற்றொரு துறையில் இருப்பவர் காண முடியாது. பர்தாவைப் பற்றி எவ்வளவோ பேசுகிற நமக்கு, 1,200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கல்லைக் கொண்டு அதற்கு வழி செய்திருந்தது வியப்பாக இருந்தது.

பல்லவ மன்னன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் இதை முடித்தவர், ஆலம்பாக்கத்து விசைய நல்லூழானின் தம்பி கம்பன் அரையன். இதையெல்லாம் சுவரில் உள்ள கல்வெட்டே சொல்கிறது. அரசன் பெயரும் ஆண்டும் மட்டுமல்லாமல், உலக வாழ்வின் நிலையாமை பற்றிய தமிழ்ப் பாடல் ஒன்றையும் அங்கே பொறித்திருக்கிறார்கள். முதுமை வந்து தளர்த்துவதற்கு முன், இருப்பதை உண்டு, மிஞ்சியதை உலகத்தார்க்கு ஆகும்படி வைத்துவிடுங்கள் என்பது அதன் கருத்து. நண்பர் அதை விளக்கியபோது ஸதகத்துல் ஜாரியாவின் நினைவே நமக்கு வந்தது. நீருக்கு வழி செய்தவருடைய நன்மை நின்று ஓடும் என்று நாமும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா?

இத்தனையும் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். "கல்லுல இருக்கு, படிச்சவங்க எழுதியும் வச்சிருக்காங்க, நாலு தடவை நானே வந்து பாத்துக்கிட்டேன்" என்றார். அந்தப் பதிலின் எடை அன்று நமக்குப் புரியவில்லை.

அந்த வாரம் நமது முறை வந்தபோது, திருக்குர்ஆனின் வசனங்கள் எத்தனை என்று கேட்டோம். ஷார்ஜா நண்பர் நொடியில் 6666 என்றார். சரி என்று மதிப்பெண் கொடுத்தோம். மற்ற மூவரும் மரியாதையோடு ஏற்றுக்கொண்டார்கள். திருவெள்ளறை நண்பரின் மகள் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறாள். தந்தை சொல்ல அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அதே கேள்வியை மறுநாள் மாலை மக்தபிலும் கேட்டோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கையுயர்த்தி, 6236 என்றாள். தவறு என்றோம். அடுத்து எழுந்த சிறுவன் 6666 என்றான். அவனுக்கு ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்தோம். ஒரு வாரம் அச்சிறுமி எந்தக் கேள்விக்கும் கையுயர்த்தவில்லை. என்னம்மா, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தபோது, கிதாபுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தந்தாள். 114 எண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஃபாத்திஹா 7, பகரா 286, ஆலு இம்ரான் 200 என்று தொடங்கி அந்நாஸ் 6 வரை. அடியில் கூட்டுத்தொகை, 6236.

"சூராத் தலைப்புல போட்டிருக்கிறதையெல்லாம் கூட்டுனேன் ஹஜ்ரத். அத்தாவும் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தாங்க."

"அன்னைக்கே ஏன்மா சொல்லல?"

"நீங்க தப்புன்னு சொல்லிட்டீங்களே ஹஜ்ரத்."

இப்னு உமர் (ரலி) அவர்களின் வெட்கத்தைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறோம். நம் வகுப்பில் அதே வெட்கத்தை உண்டாக்கியவர் நாமேதான்.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினோம். நாம் ஓதுகிற முஸ்ஹஃபுகளின் எண்ணிக்கை கூஃபா அறிஞர்களின் கணக்கு; அது 6236தான். மதீனா, மக்கா, பஸ்ரா, ஷாம் அறிஞர்களுக்கு வேறு வேறு கணக்குகள் உண்டு. யாவும் ஆறாயிரத்து இருநூற்றுச் சொச்சம். குர்ஆனின் ஓர் எழுத்தும் இதனால் கூடுவதோ குறைவதோ இல்லை; வசனம் எங்கே முடிகிறது என்பதில்தான் வேறுபாடு. ஃபாத்திஹாவையே பாருங்கள். எல்லோருக்கும் அது ஏழு வசனங்கள்தாம். கூஃபாவினரும் மக்காவினரும் பிஸ்மில்லாஹ்வை முதல் வசனமாக எண்ணுகிறார்கள். மற்றவர்கள் அதை எண்ணாமல், கடைசி வசனத்தை இரண்டாகக் கொண்டு ஏழை நிறைவு செய்கிறார்கள். இந்தக் கலைக்கென்றே ஸ்பெயின் நாட்டு அறிஞர் அபூ அம்ர் அத்தானீ தனிநூல் எழுதியிருக்கிறார். அவர் ஹிஜ்ரி 444இல் மறைந்தவர். ஆக, 6666 என்பது இவற்றில் எந்தக் கணக்கிலும் இல்லை.

பிறகு அது எங்கிருந்து வந்தது? சிறுவயதில் நமக்கு அது ஒரு பட்டியலாகவே மனனம் செய்விக்கப்பட்டது. வாக்குறுதி ஆயிரம், எச்சரிக்கை ஆயிரம், ஏவல் ஆயிரம், விலக்கல் ஆயிரம், வரலாறு ஆயிரம், செய்தி ஆயிரம், ஹலால் ஹராம் ஐந்நூறு, துஆ நூறு, மாற்றியதும் மாற்றப்பட்டதும் அறுபத்தாறு. கூட்டினால் கச்சிதமாக 6666 வரும். அந்தக் கச்சிதம்தான் நம்மை ஏமாற்றியது. நாற்பது வயது கடந்தும், கையிலிருந்த முஸ்ஹஃபை ஒருமுறை எண்ணிப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. ஒரு சிறுமிக்குத் தோன்றியது.

மறுநாள் மக்தபில் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும், அவள் சொன்னதே சரி, நாம் சொன்னது தவறு என்று அறிவித்தோம். அது எளிதாகவே இருந்தது. குழந்தைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பேனா வாங்கிய சிறுவன் மட்டும் அதைப் பைக்குள் மறைத்துக்கொண்டான். அவளுக்கு வேறொரு பேனா வாங்கினோம்.

நண்பர்கள் குழுவில் சொல்வதுதான் கடினமாயிற்று. எழுதுவதும் அழிப்பதுமாக இரண்டு இரவுகள் கழிந்தன. பிறமதச் சகோதரர்களிடம் நம் வேதத்தைப் பற்றியே தவறாகச் சொல்லிவிட்டோம் என்றால் என்ன நினைப்பார்கள் என்று நஃப்ஸ் தடுத்தது. மார்க்கத்தின் கண்ணியத்தைக் காப்பதாக நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். காத்தது நமது கண்ணியத்தைத்தான். மற்ற கேள்விகளுக்கு ஆயிரம் மறுப்புச் சொல்பவர்கள் அவர்கள். சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்று ஒருவர் எழுதியபோது, 2003இல் விண்வெளிக்குச் சென்ற சீன வீரர் யாங் லிவேயே அதைத் தாம் காணவில்லை என்று சொன்னதை எடுத்துக்காட்டி மடக்கினார்கள். நமது பதிலை மட்டும் எவரும் சோதிக்கவில்லை. மார்க்க விஷயத்தில் ஹஜ்ரத் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அது, அமானிதம். அந்தப் பெண்ணின் குறிப்பேடோ தேர்வு அறை வரை போகக்கூடியது.

மூன்றாம் நாள் எழுதிவிட்டோம். திருவெள்ளறை நண்பரிடமிருந்து பதில் வந்தது: "பாப்பா நோட்டுல திருத்திட்டா. இனிமே உன் பதிலையும் சரிபாத்துத்தான் மார்க்." ஷார்ஜா நண்பர் வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு தனியே அழைத்து, நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கோசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவியதாவது உண்மையா என்று கவலையோடு கேட்டார். அதுவும் இல்லை. அந்த வதந்தி பரவிய காலத்தில் ஆம்ஸ்ட்ராங்கே மறுத்தார்; 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளிலிருந்த தன் தூதரகங்களுக்கு அதைத் தெரிவித்தது. இளமையில் பயான்களில் அதைக் கேட்டுத் தக்பீர் முழங்கியவர்களில் நாமும் உண்டு. தீனுக்கு இத்தகைய முட்டுக்கொடுப்புகள் எதற்கு என்று இப்போது தோன்றுகிறது.

ஜும்ஆ நாட்களில் ஓதும் கஹ்ஃப் சூராவிலேயே இதற்கான பாடம் இருந்திருக்கிறது. குகைத் தோழர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் இருட்டில் கல்லெறிவது போல எண்ணிக்கை சொல்வார்கள் என்றும், அவர்களின் எண்ணிக்கையை இறைவனே நன்கறிவான் என்று சொல்லிவிடும்படியும் அல்லாஹ் தன் தூதருக்குக் கற்பிக்கிறான். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது, 32 கேள்விகளுக்கு எனக்குத் தெரியாது என்றே பதிலளித்ததாக அறிவிக்கப்படுகிறது. எங்கள் குழுவில் இப்போது இரண்டு விதிகள் கூடியிருக்கின்றன. பதில் சொல்பவர் அது எங்கிருந்து தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். தெரியாது என்று எழுதுபவருக்கு அரை மதிப்பெண். இரண்டாவது விதியால் அதிகம் பயனடைபவர் ஷார்ஜா நண்பர்தான்.

சென்ற வாரம் மக்தபில் பேரீச்ச மரத்து ஹதீஸை மீண்டும் நடத்தினோம். கணக்குப் போட்ட அதே சிறுமி கையுயர்த்தினாள்.

"ஹஜ்ரத், தென்னையில காஞ்ச மட்டை விழுதே, பேரீச்சையில விழாதா?"

தெரியாது, கேட்டுச் சொல்கிறோம் என்றோம். இரவு குழுவில் நமது கேள்வியாக அதையே போட்டோம். சுபுஹுக்கு முன் ஷார்ஜாவிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. சாலையோரப் பேரீச்ச மரத்தில் காய்ந்த மட்டைகள் விழாமல் தண்டோடு தொங்குகின்றன. ஏணி மேல் நின்று ஒருவர் அவற்றை வெட்டிக்கொண்டிருக்கிறார். கீழே எழுதியிருந்தார்: "தானா விழாது, ஆள் வெட்டணும். நானே பாத்தேன். முழு மார்க் போடு."