புகுந்த வாசல்

சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்து பகோடா ஸ்திரீட் பக்கமாக வெளியே வந்து, நினைவுப்பொருள் கடைகளைத் தாண்டி நேராக நடந்தால் சவுத் பிரிட்ஜ் சாலை முனையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில். தெருவுக்குப் ‘பகோடா’ என்று பெயர் வந்ததே இந்தக் கோபுரத்தால்தான்.

போன மாதம் அக்காள் மகனை அழைத்துப் போயிருந்தேன். தொடக்கநிலை நான்கில் படிக்கிறான்.

“மாமா, எண்ட்ரன்ஸ் எங்க?”

“தமிழ்ல கேளு.”

யோசித்தான். “எங்க நுழையணும்?”

பூனை நுழையும், திருடன் நுழைவான். கோயிலுக்குள் நாம் போவோம். ஆனால் அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஆங்கிலத்தில் ‘என்டர்’ என்ற ஒரே சொல் கடைக்கும் கோயிலுக்கும் கணினிக்கும் போதும். நம் பேச்சிலும் மெயின் எண்ட்ரன்ஸ், சைட் எண்ட்ரன்ஸ், நோ எண்ட்ரிதான். வானொலிக்கு அழைக்கும் நேயர்களில் ‘தலைவாசல்’ என்று சொன்னவர் ஒருவரும் எனக்கு நினைவில் இல்லை.

இன்றுள்ள ஆறு நிலைக் கோபுரம் 1925ல் எழுந்தது. அதன் கீழே உள்ள பெரிய கதவுகளில் வரிசை வரிசையாகச் சிறு மணிகள். உள்ளே போகிறவர்கள் ஒலித்துவிட்டுப் போவது வழக்கம். பையன் தனக்கு எட்டிய மணியை எல்லாம் அடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

இந்த வாசலுக்குப் பொருந்தும் சொல் ‘புகுதல்’. 1827ல் நாராயண பிள்ளை தொடங்கிய இந்தக் கோயிலில், கப்பலில் வந்து இறங்கியவர்கள் வேலை கிடைக்கும்வரை தங்கினார்கள். ஊர் பேர் தெரியாத இடத்தில் அவர்களுக்கு இதுவே புகலிடம். ஒரு காலத்தில் இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரமும் இந்தக் கோயிலுக்கு இருந்தது. இங்கே தாலி கட்டிக்கொண்டு எத்தனை பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போனார்களோ! புகலிடம், புகுந்த வீடு, இரண்டிலும் இருப்பது அதே ‘புகு’.

“அப்ப எங்க வீடு அம்மாவுக்குப் புகுந்த வீடா?”

“ஆமாடா.”

அந்தச் சொல்லை அவன் அதுவரை கேட்டதே இல்லை. நான்காம் வகுப்புவரை தமிழ் படிக்கும் பிள்ளை, அம்மாவும் அப்பாவும் தமிழ் பேசும் வீடு.

சில அடி தள்ளி ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1826ல் நிறுவியது. தொழும் இடத்தின் பெயரிலேயே வாசலை வைத்திருக்கிறது தமிழ். இங்கே முதலில் கண்ணில் படுவதும் வாசல்தான். இருபுறமும் எண்கோண மினாராக்கள், நடுவில் குட்டிக் குட்டிக் கதவுகளோடு ஓர் அரண்மனை முகப்பு. வாசல் சாலையைப் பார்த்தபடி நேராக நிற்கிறது. உள்ளே தொழுகைக்கூடம் மக்காவை நோக்கிச் சற்றே திரும்பியிருக்கிறது. முற்றத்தில் நின்று பார்த்தால் அந்தக் கோணல் தெரியும்.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கும் போய்விடுங்கள். அங்குள்ள தியான் ஹொக் கெங் சீனக் கோயிலின் வாசற்படி உயரமானது. அதை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நம் பாட்டிகளும் நிலைப்படியை மிதிக்க விட்டதில்லை.