தளமும் தூளியும்

கன்னியாகுமரி, 1956 டிசம்பர் 28

திருச்சியில் ரயிலேறித் திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, தோவாளையில் கூடை கூடையாகப் பூ ஏறுவதைப் பார்த்தவாறே நேற்று நாங்கள் இந்த முனைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நவம்பர் 1-ஆம் தேதி முதல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு இணைந்துவிட்டபடியால், புதிதாக நம்முடையதாகிய பூமியை ஒரு தரம் மிதித்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசை எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் பலருக்கும் இருந்தது. ஆனால் அதே மாதம் 23-ஆம் தேதி அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டு, ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரியே பதவியைத் துறந்த பின்பு, பலருடைய ஆசை தானாக அடங்கிவிட்டது. எங்கள் பெட்டியிலும் வைகைப் பாலம் வந்தபோது பேச்சு நின்றுபோயிற்று. எதிர் ஆசனத்து அம்மாள் தாலிக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் அக்கரை வந்த பிறகே கையை எடுத்தாள்.

இன்று விடியற்காலையில் கடலாடினோம். பிறகு, காந்தியடிகளின் அஸ்தி 1948-இல் கரைக்கப்பட்ட கடற்கரையில் இவ்வருஷம் எழும்பியிருக்கும் மண்டபத்தைச் சுற்றி வந்தோம். அக்டோபர் 2-ஆம் தேதி நடுப்பகலில், அஸ்திக்கலசம் வைத்திருந்த பீடத்தின்மேல் சூரிய கிரணம் நேராக விழும்படி கூரையில் துவாரம் அமைத்திருக்கிறார்கள். உறையூரில் வாங்கிப் போட்டிருக்கும் மனையில் தை பிறந்ததும் அஸ்திவாரம் தோண்டப்போகிற எனக்கு அந்தத் துவாரத்தைவிட, மழை பெய்தால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்காமல் எப்படித் தடுப்பார்கள் என்பதிலேயே புத்தி சென்றது. வீடு கட்டப் புறப்பட்டவனுக்குத் தரிசனம் எல்லாம் மேஸ்திரி வேலையாகத்தான் முடிகிறது.

நண்பகலுக்குமேல் பத்மநாபபுரம் போனோம். ஜில்லா நம்மிடம் வந்துவிட்டது. அரண்மனை மட்டும் கேரளத்தாரின் நிர்வாகத்திலேயே இருக்கிறது. மரவேலைப்பாடுகளைப் பற்றி எழுதுவதற்கு வேறு பேனா வேண்டும். என் மனைவி எதன்மேலும் கண்ணை ஓட்டாமல், ஒரு மண்டபத்தில் சட்டென்று குந்தி உட்கார்ந்து, கறுத்து மினுமினுத்துக் கிடந்த தரையின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து இழைத்த தரை என்று காவற்காரர் சொன்னார்.

“நம்ம வீட்டிலே ஒரு அறைக்காவது இப்படிப் போடலாமாங்க?”

முட்டைக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அம்மா இருக்கிற வீட்டில் அந்தக் கணக்கை உரக்கச் சொல்லவும் முடியாது என்பதையும் சேர்த்துப் பார்த்தேன்.

உறையூர், 1957 ஜனவரி 27

அஸ்திவாரம் போட்டாயிற்று. வாஸ்து புருஷன் விழித்திருக்கும் நாழிகைக்குள் பூஜை முடியவேண்டும் என்று ஜோசியர் பறந்தார்; கொத்தனார் வழக்கம்போலத் தாமதித்து வந்தார். செங்கற்சூளைக்காரருக்கு முன்பணம் கொடுத்தேன். கோடை விடுமுறையில் அஜந்தா, எல்லோரா போய் வருவதென்று தனியாகச் சேர்த்துவந்த தொகையும் அதனோடு போயிற்று.

பிப்ரவரி 17

இரண்டு வாரங்களாகச் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, பாட்டிதான் முதலில் கண்டுபிடித்தாள். அவள் எண்பது வயதிலும் கண்ணாடி போடாதவள். என்னைக் கூடத்துக்கு அழைத்து, உட்காரச் சொல்லாமலேயே, சந்தோஷச் செய்தியையும் அதற்குரிய நிபந்தனைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கர்ப்பிணியின் கணவன் சமுத்திர ஸ்நானம் செய்யலாகாது, பச்சை மரத்தை வெட்டலாகாது, பிணம் சுமக்கலாகாது, க்ஷவரம் செய்துகொள்ளலாகாது, மலை ஏறலாகாது, தூரதேசம் போகலாகாது, புதிதாக வீடு கட்டத் தொடங்கலாகாது. வேறு சிலவும் சொன்னாள். அதற்குள் என் மனம் மனையடிக்குப் போய்விட்டது.

ஜோசியர் வந்தார். செய்தி தெரியாமல் தொடங்கிய காரியமாகையால் தோஷமில்லை, நடத்திக்கொண்டு போகலாம், கிருகப்பிரவேசம் மட்டும் பிரசவத்துக்குப் பிறகுதான் என்று தீர்ப்பளித்து, தட்சிணையை இடுப்பில் செருகிக்கொண்டார். சாத்திரத்தில் வாசல் அடைத்திருந்தால் சந்து ஒன்று எப்போதும் திறந்திருக்கும்.

மனையின் வடகிழக்கில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. சமையலறைச் சுவர் அதன்மேல் ஏறிப் போகவேண்டியிருந்ததால் நாளை வெட்டுவதாக இருந்தது. “மரத்தை வெட்டக் கூடாதுன்னு பாட்டி சொல்லிட்டாங்களே,” என்று என் மனைவி மிகுந்த வினயத்தோடு நினைவூட்டினாள். முதல் நாளிலிருந்தே அந்த மரத்துக்காக என்னோடு வாதாடி வந்தவள் அவள்! சமையலறை இரண்டு முழம் குறுகியது, மரம் பிழைத்தது.

மார்ச் 10

மசக்கைக்காரிக்குக் கட்டட வேலை நடக்கிற இடத்தைப்போன்ற சுவர்க்கம் வேறில்லை போலும். தண்ணீர் தெளித்த புதுச் செங்கலின் வாசனைக்காகவே சாயந்தரம் என்னோடு மனைக்கு வருகிறாள். இன்று ஓட்டுத்துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அம்மாவிடம் சொல்ல, அம்மா அடுப்புச் சாம்பலை இரவில் மூடி வைக்கத் தொடங்கியிருக்கிறாள்.

ஏப்ரல் 6

1-ஆம் தேதி முதல் நயா பைசா வழக்குக்கு வந்ததில், சனிக்கிழமைக் கூலி பட்டுவாடா ஒரு நியாயசபை ஆகிவிட்டது. நாலணாவுக்கு இருபத்தைந்து, எட்டணாவுக்கு ஐம்பது என்பதில் சச்சரவில்லை. ஒரு அணாவுக்கு ஆறு என்றும், மூன்றணாவுக்குப் பத்தொன்பது என்றும் சர்க்கார் அட்டவணை சொல்லும்போதுதான், மூன்று தரம் ஆறு பதினெட்டல்லவா, அந்த ஒரு பைசா எங்கிருந்து வந்தது, வேறெங்கோ எங்களுக்குக் குறைந்திருக்க வேண்டுமே என்று சித்தாட்கள் கேட்கிறார்கள். கணக்கு வாத்தியாராகிய என்னால் அதை அவர்களுக்குத் திருப்தியாக விளக்க முடிந்ததாகச் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 28

அந்தி மங்கியதும் வடமேற்கு வானத்தில் வால்நட்சத்திரம். பெல்ஜியத்து வானசாஸ்திரிகளான ஆரெண்டு, ரோலண்டு என்னும் இருவர் சென்ற நவம்பரில் கண்டது; வாலுக்கு எதிர்ப்புறமாகச் சூரியன் இருக்கும் திசையிலும் ஒரு மெல்லிய ஒளிக்கீற்று நீண்டிருப்பதுதான் இதன் விசேஷம். கர்ப்பிணி இதைப் பார்க்கலாகாதாம். சாரத்தின்மேல் ஏறி நின்று பார்த்துவிட்டு வந்து, அவளுடைய கட்டளைப்படி சிலேட்டில் வரைந்து காட்டினேன். “வால் இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சிருக்குங்க,” என்று திருத்தினாள். கொல்லைப்புறம் பாத்திரம் கழுவப் போனது எதற்காக என்று நான் கேட்கவில்லை.

மே 12

பரீட்சைத்தாள் திருத்தச் சென்னை போக மறுத்து எழுதிவிட்டேன். அஜந்தாவுக்குப் பதிலாக ஏ.கே. செட்டியாருடைய ‘உலகம் சுற்றும் தமிழன்’ வீட்டில் உரக்க வாசிக்கப்படுகிறது; அவள் வாசிக்க நான் கேட்கிறேன். தாடி வளர்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்கு ஒரு ரிஷியின் பெயரைச் சூட்டியிருப்பதாகக் கேள்வி.

பாட்டி சொன்ன ஜாபிதாவை இன்று மீண்டும் எண்ணிப் பார்த்தேன். பெண்ணுக்கு விதித்திருக்கும் நியமங்களுக்குக் கணக்கில்லை. அவள் உண்பது, உடுப்பது, பார்ப்பது, படுப்பது யாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. ஆணுக்கோ ஏழெட்டுத்தான். கடலுக்குப் போகாதே, மலைக்குப் போகாதே, காட்டுக்குப் போகாதே, மயானத்துக்குப் போகாதே, பரதேசம் போகாதே, ஊரார் முன் முகத்தை மினுக்கிக்கொண்டு நிற்காதே என்று அத்தனையையும் அடுக்கி வைத்துவிட்டு, இவையெல்லாம் கூடி என்ன சொல்கின்றன என்று கேட்டால், “வீட்டில் கிட” என்ற ஒன்றைத்தான் சொல்கின்றன. கருவுற்றவளை விட்டுவிட்டு யாத்திரை என்றும் வியாபாரம் என்றும் புறப்பட்டுப்போன எத்தனை ஆண்பிள்ளைகளைக் கண்டு சலித்த பின்பு யார் இந்த விதிகளை வகுத்தார்களோ! மனைவிக்கு ஒத்தாசையாக வீட்டில் இரு என்று நேராகச் சொன்னால் கேட்கமாட்டான் என்று அறிந்து, தோஷம் என்ற பயத்தைக் காட்டி இருத்தியிருக்கிறார்கள். இப்படி அர்த்தம் பண்ணிக்கொண்ட பிறகு தாடி அவ்வளவாக உறுத்தவில்லை.

ஜூன் 2

தளம் போடுகிறார்கள். சிமெண்டு பர்மிட்டுக்காகக் காத்திருந்தால் மழைக்காலம் முந்திவிடும் என்பதால், பழைய முறைப்படி மெட்ராஸ் டெரஸ் போடுவதென்று கொத்தனார் தீர்மானித்துவிட்டார். தேக்குச் சரங்களின்மேல் சன்னமான சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி, அறையின் மூலைக்கு மூலை சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கிக்கொண்டு போகிறார்கள். அது இறுகியபின் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புகிறார்கள். அதற்கப்பால்தான் உண்மையான வேலை. பெண்கள் வரிசையாகக் குந்தி அமர்ந்து, கைக்கு ஒரு மரக்கட்டையாகப் பிடித்து, காலையிலிருந்து மாலைவரை, நாட்கணக்காக, அடித்துக்கொண்டேயிருக்க வேண்டும். ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் அடியைத் தாளமாக்குகிறார்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிக்கிறார்கள். முதல் நாள் பொத்துப் பொத்தென்று அமுங்கிய ஒலி, நாளடைவில் கெட்டிப்பட்டு, கட்டை தளத்தில் பட்டவுடன் கையைவிட்டுத் துள்ளத் தொடங்கினால்தான் வேலை முடிந்ததாகக் கொத்தனார் ஒப்புக்கொள்வார். பிறகு தட்டோடு.

கடுக்காய் மூட்டையைக் கண்டதும் அம்மா முந்தானையில் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். பிறக்கப்போகிற குழந்தைக்கு மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, வசம்போடு தாய்ப்பாலில் இழைத்துக் கொடுக்கும் உரைமருந்துக்குக் கடுக்காயும் வேண்டுமாம். தளம் இறுகுவதற்கும் வயிறு இளகுவதற்கும் ஒரே காய்!

அடிக்கிற வரிசையில் கடைசியில் இருந்த பெண்ணை முதலில் நான் கவனிக்கவில்லை. மோர்க்குடத்தோடு வந்த என் மனைவி, ஏணியடியிலேயே நின்று, கீழிறங்கி வந்த அவளைப் பார்த்து, “எத்தனை மாசம்?” என்றாள்.

“ஏழு முடியப்போவுதுங்க.”

“உக்காந்து உக்காந்து அடிக்கிறியே, வலிக்கலை?”

“அடிச்சா வலிக்காதுங்க, நிறுத்தினாத்தான் வலிக்கும்.”

அவள் புருஷனும் கொத்து வேலைதான், வேறிடத்தில். ஏதோ பேச்சுக்கிடையில் என் தாடியின் காரணத்தை என் மனைவி சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எங்க ஊட்டுக்காரரு வூடு கட்டாம, ஊரு போவாம, தாடி வளத்துக்கிட்டுக் குந்தினா, யாருங்க கஞ்சி ஊத்துவா?”

மே 12-ஆம் தேதி எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். வீட்டில் இருத்தி வைக்கிற சாத்திரமும் மாதச் சம்பளக்காரனுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது; வீட்டில் இருப்பதற்கு முதலில் ஒரு வீடும், உட்கார்ந்து தின்னக் கொஞ்சம் நெல்லும் வேண்டும். என் கர்ப்பிணிக்கு ஏணி ஏறத் தடை. அவள் படுக்கப்போகிற அறையின் தளத்தை இன்னொரு கர்ப்பிணி அடித்து இறுக்குகிறாள். கூலியை உயர்த்திக் கொடு என்று கொத்தனாரிடம் சொன்னேன். மற்றவர்கள் கேட்பார்களே என்றார். எல்லோருக்கும் சேர்த்து உயர்த்தினேன். அது நியாயம் செய்ததாகாது என்பதும் தெரியும்.

ஜூலை 7

ஆனி கழிந்தால் ஆடி வந்துவிடும் என்று அவசரமாக வளைகாப்பு நடந்தேறியது. புளிச்சாதம், எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல். வளையற்காரர் கையைப் பிசைந்து பிசைந்து ஏற்றிய கண்ணாடி வளையல்கள் முழங்கைவரை. அவள் எங்கே திரும்பினாலும் வீட்டுக்குள் தெரிந்துவிடுகிறது. மீந்த வளையல்களில் ஒரு டஜனைத் தளக்காரப் பெண்ணுக்கென்று அவளே எடுத்து வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். வாங்கிக்கொண்டவள் போட்டுக்கொள்ளவில்லை. “கட்டை பிடிக்கிற கையிலே கண்ணாடி நிக்காதுங்க,” என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயந்தரமே என் மாமனாரும் அத்தையும் மகளை லால்குடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆடி 18

லால்குடிக்குப் போய்வந்தேன். இது தூரதேசம் ஆகாது என்பது ஜோசியரின் அபிப்பிராயம். மேட்டூரில் திறந்த தண்ணீர் காவேரியில் இரு கரை தொட்டு ஓடுகிறது. இன்று காவேரியும் மசக்கைக்காரியென்று சொல்லி, கலந்த சாதம் படைத்து, காதோலை கருகமணியை ஆற்றில் விடுகிறார்கள். பாலத்தின்மேல் பஸ் நின்றபோது, படித்துறையில் அத்தனை பெண்களும் நதிக்கு வளைகாப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதே காவேரியில் வெள்ளம் வந்து, பூம்புகாரிலிருந்து மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்ட தாய் அக்கரையிலேயே நின்றுவிட, சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்தார் என்பதல்லவா மலைக்கோட்டைத் தாயுமானவரின் கதை! சுகப்பிரசவமானால் அவருக்கு வாழைத்தார் சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிரசவ அறைக்குள் ஓர் ஆண் நுழைய வேண்டுமானால் அவன் கடவுளாக இருந்தாலும் பெண்ணாகித்தான் நுழைய வேண்டும் என்று வைத்தார்கள் நம் முன்னோர். நானோ திண்ணை வரையில்தான் போகமுடிந்தது. பழைய மருத்துவச்சியா, ஆஸ்பத்திரியா என்று உள்ளே நடந்த ஆலோசனையில் என்னைக் கேட்டவர் யாருமில்லை. ஆஸ்பத்திரி என்று முடிவானதை, மோர் கொண்டுவந்து கொடுத்தபோது அவளே மெல்லச் சொன்னாள்.

ஆகஸ்ட் 25

தொட்டில் வாங்கலாமா என்று கேட்டதற்கு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். குழந்தை பூமிக்கு வரும் முன்பு அதற்கென்று புதிதாக ஒரு நூலும் வாங்கலாகாது. முதலில் கிடத்துவதும் பழந்துணியில்தான். ஆகையால் எங்கள் வீட்டில் ஆயத்தம் என்பது வாங்குவதல்ல, கிழிப்பது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன என் வேட்டிகள் சதுரஞ்சதுரமாகக் கிழிபட்டு, வெந்நீரில் போட்டு எடுத்து, வெயிலில் காய்ந்து, லால்குடிக்குப் போகிற மூட்டையில் அடுக்கப்படுகின்றன. பாட்டியின் சுங்கடிப் புடவை தூளிக்கென்று ஒதுக்கப்பட்டாயிற்று.

தூளிக்குக் கொக்கி வேண்டுமே. கூடத்து விட்டத்தில் எந்த இடத்தில் அடிப்பது என்று ஆசாரி கேட்டார். ஜன்னல் காற்று நேராக முகத்தில் அடிக்கக்கூடாது, சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியவேண்டும், கூடத்தில் நடப்பவர் தலையில் இடிக்கலாகாது என்று லால்குடியிலிருந்து கடிதத்தில் மூன்று நிபந்தனைகள் வந்திருந்தன. இரண்டு முழம் குறுகிய சமையலறையிலிருந்து கூடத்தின் நடு விட்டம் நன்றாகவே தெரிகிறது. ஆசாரி கொக்கியை முடுக்கிவிட்டு, பலம் பார்ப்பதற்காகத் தாமே அதைப் பிடித்துத் தொங்கினார். கனத்த சரீரம் அவருக்கு. விட்டம் முனகவில்லை.

“உங்க பிள்ளை இவ்வளவு கனம் இருக்காது, வாத்தியாரய்யா,” என்றார் தொங்கியபடியே.

கொத்தனார் பாக்கிக்கு வந்து வாசலில் நிற்கிறார். சமையலறைக்குப் பூச்சு பாக்கி, கொல்லைக்குக் கதவு பாக்கி, கிருகப்பிரவேசத்துக்கு ஐப்பசியில் நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்றைய தபாலில் இன்னொரு கடிதம்: துணி போதவில்லையாம், இன்னும் நாலு வேட்டி வேண்டுமாம், புதிதாக இருந்தால் உதவாதாம். நாளை பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகவேண்டிய வேட்டியை மட்டும் அம்மாவின் கண்ணில் படாமல் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.