வேடந்தாங்கல்ல வவுச்சர் எடுபடுமா?

உங்க கிளாஸ்ல 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்தவங்க இருக்காங்களா? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்குப் பொறியியல் படிப்பில் தனி இடம். 2021ல் சட்டமாச்சு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் அரசே கட்டுது. நாம இதைச் சமூகநீதின்னு பேசுறோம், சரிதான். ஆனா இது ஒரு மார்க்கெட் சீர்திருத்தமும்கூட. அதுவும் வழக்கமானதைவிட நல்ல சீர்திருத்தம்ங்கிறது என் கட்சி.

வழக்கமானது எதுன்னா, வவுச்சர். அரசு கல்விக்குப் பணம் கொடுக்கட்டும், பள்ளிக்கூடத்தை அதுவே நடத்தணும்னு இல்ல, பெற்றோர் பிடிச்ச பள்ளியைத் தேர்ந்தெடுக்கட்டும்னு 1955ல் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். இதுக்குப் பக்கத்துல வர்ற நம்ம ஊர்த் திட்டம், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள். ஏழைப் பிள்ளை தனியார் பள்ளியில எல்.கே.ஜி. சேரும், செலவை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும்.

சென்னையில இது நடக்கும். படாளம் கூட்ரோட்டிலிருந்து வேடந்தாங்கல் போற வழியை நினைச்சுப் பாருங்க. வயல், ஏரி, நடுவுல சின்னச் சின்ன ஊர். தமிழ்நாட்டு விதிப்படி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற தனியார் பள்ளியிலதான் இந்த இடம் கேட்கலாம். அந்த வட்டத்துக்குள்ள பள்ளியே இல்லாத ஊருக்கு என்ன சாய்ஸ்? கடை இல்லாத தெருவுல கூப்பன் கொடுத்த மாதிரிதான். இடம் கிடைச்சாலும் சலுகை எட்டாவதோட சரி. ஒன்பதாவதுல முழு ஃபீஸ் கட்டணும், இல்லைன்னா அரசுப் பள்ளிக்குத் திரும்பணும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. 1970ல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் நைஜீரிய ரயில்வேயை வெச்சு ஒரு கேள்வி கேட்டார்: லாரிப் போட்டி வந்தும் ரயில் ஏன் திருந்தலை? சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்தான் முதல்ல லாரிக்கு மாறிட்டார். மிச்சம் இருந்தவங்க பேசலை. பள்ளிக்கூடத்துக்கும் இதே கணக்கைத்தான் அவர் போட்டார். "வாத்தியார் ஏன் வரலை?"ன்னு கேட்கக்கூடிய அப்பாதான் முதல்ல வேன் ஃபீஸ் கட்டிப் பிள்ளையை வெளியே அனுப்புவார்.

வேடந்தாங்கல் ஏரியையே பாருங்க. வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க பறவைகளைச் சுட்டப்போ ஊர்க்காரங்க செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட முறையிட்டு, பாதுகாப்புக்கு உத்தரவு வாங்கினாங்க. 18ஆம் நூற்றாண்டோட கடைசியில் நடந்தது இது. இன்னைக்கும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்னுதான் பேரு. பாசம் மட்டும் காரணம் இல்லீங்க. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி அவங்க வயலுக்குத்தான் உரமாப் பாயுது. காவல் காக்கக் கூலி தேவைப்படலை, பலன் அங்கேயே கிடைச்சுது. வேற ஏரிக்குப் போறவனுக்கு இந்த ஏரியைப் பத்தி என்ன கவலை?

இந்த விஷயத்துல 7.5 வவுச்சருக்கு நேர் எதிர். வெளியே போறவங்களுக்கு இல்லாம, தங்குறவங்களுக்குப் பலன் கொடுக்குது. ஆறாவதுல சேர்த்த அம்மாவுக்கு இன்னும் ஏழு வருஷம் அந்தப் பள்ளி நல்லா நடக்கணும்ங்கிற சொந்த அக்கறை வரும். பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அந்தக் கூட்டத்துக்கு அவங்க டீயும் பிஸ்கட்டும் சாப்பிட மட்டும் வர மாட்டாங்க.

ஓட்டை இல்லாம இல்ல. ஒதுக்கீடு பிள்ளையோட வாழ்க்கையை மாத்துது, பள்ளிக்கு நேரா எதுவும் கொடுக்கலை. எத்தனை பேரை நம்மகிட்ட அனுப்பினாலும் அந்தப் பள்ளியோட லேப் அப்படியேதான் இருக்கும். அதோட கணக்கு ஆறாவதுலதான் தொடங்குது. ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரை தனியார்ல ஃபீஸ் கட்டிப் படிச்சுட்டு ஆறாவதுல வந்து சேர்ந்தாலும் தகுதி உண்டு. அப்போ ஊர்த் தொடக்கப்பள்ளியில தங்க அந்த அம்மாவுக்கு என்ன காரணம்? ரெண்டு டீச்சரை வெச்சு அஞ்சு வகுப்பு நடத்துற பள்ளிகள் அங்கதான் இருக்கு.